கீழ் ஊருக்கு ஒரு துணி

ஆரணி
19-1-1997

அன்புத் தம்பி பாலமுருகனுக்கு,

அக்கா அபிதா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். உன் சுகத்துக்கும் சுகன்யாவின் சுகத்துக்கும் எழுது. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டாய். உன் பங்குக் கரும்பைப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவின் ஆடு தின்றது. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் ஆகிவிட்டால் அக்கா வீட்டுக்கு வழி மறந்துவிடும் போலிருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் நின்று, சேற்றை வாரிப் போட வேண்டியதாயிற்று. காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் மாமாதான் நெட்டை மனிதராயிற்றே, வாசற்காலில் தலை இடிக்காமல் ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை. இந்தச் சாக்கில் குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிக்கொள்கிறேன் என்று தோண்டினார். மண்வெட்டி கல்லில் பட்டது.

கழுவிப் பார்த்தால் பலகைக் கல். ஓரத்தை யாரோ நேராகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கமாக, டிபன் பாக்ஸ் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. போளூருக்கு மேலே ஜவ்வாது மலையில் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போய்க் காட்டினார்களே, கல்லை நிறுத்தி மேலே கல்லால் மூடிய குள்ளர் வீடு, அதன் ஓட்டை மாதிரியே இருக்கிறது. உள்ளிருந்து காற்று வருகிறது. விளக்கெண்ணெய் எரிந்த வாசனை.

உடைத்துப் போடச் சொன்னேன். "கீழ கீறவங்க நம்மள உடைக்கல இல்ல, நாம மட்டும் ஏன் உடைக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே அதன் மேலேயே காலை வைத்து நெய்ய உட்கார்ந்துவிட்டார். அவர் குணம் உனக்குத் தெரியும்.

சுகன்யாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
அபிதகுசாம்பாள்


திருப்பூர்
6-2-1997

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. இங்கே இருவரும் நலம். கட்டிங் டேபிளில் நின்று நின்று என் கால்கள் மட்டும் நலமில்லை. மாமாவுக்கு என் வணக்கம்.

குள்ளர்கள் மேலே வந்தால் உடனே எனக்குத் தெரிவி. ஜெர்மனிக்குப் போகிற குழந்தைச் சட்டையில் மிஞ்சிய துண்டுகள் எங்கள் கம்பெனியில் மலையாகக் கிடக்கின்றன. ஊர் முழுவதற்கும் தைத்துப் போட்டுவிடலாம்.

நீ எழுதியதும் அந்த மலைப் பயணம் ஞாபகம் வந்தது. எல்லாரும் வேண்டாம் என்று சொல்லியும் நீ அந்த ஓட்டைக்குள் கையை விட்டாய். எடுத்தபோது உன் பச்சைக் கண்ணாடி வளையல் கையில் இல்லை. உடைந்த சத்தமும் கேட்கவில்லை. வீட்டில் அடி விழும் என்று நீ அழுதாய், நான் உனக்காகப் பொய் சொன்னேன். அந்த நன்றிக்காவது எனக்கு முறுக்கு சுட்டு அனுப்பு.

சுகன்யா உன்னை விசாரிக்கிறாள்.

தம்பி,
பாலமுருகன்


ஆரணி
30-3-1997

அன்புத் தம்பிக்கு,

அக்கா. சுகம். நீங்களும் சுகமாக இருக்க, ஊரில் உள்ள எல்லாச் சாமிக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு வைத்திருக்கிறேன்.

பதில் தாமதம் என்று கோபிக்காதே. உன் மாமா ஒரு தனி ஆர்டர் எடுத்திருக்கிறார். யாரிடம் என்று கேட்காதே, வெளி ஆட்கள். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூலும் அவர்கள் கொடுத்ததே. பார்த்தால் அசந்துபோவாய். ஓர் இழைகூட ஒரே நிறமாக இல்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று சாண் சாணாக முடிச்சுப் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தட்டுப்படும். இப்படி முடிச்சுப் போட ஆரணியில் யாருக்கும் கை வராது.

தறிக்குழியில் மண் ஏறுகிறது. சரிந்த மண் இல்லை, வழித்து மெழுகிய மண். அந்த ஓட்டையை மட்டும் கிணற்று வாய் மாதிரி விட்டுவிட்டுச் சுற்றிலும் ஏறிக்கொண்டு வருகிறது. மிதிகட்டையின் கயிறும் அதற்கேற்பக் குட்டையாகிறது. உன் மாமாவிடம் சொன்னால், "என் காலுக்கு சரியாத்தான் கீது" என்கிறார். சரியாகத்தான் இருக்கிறது, நானும் பார்த்தேன். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓர் உதவி. கிருஷ்ணம்மா வீட்டுப் பையன் துரைக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்து அனுப்பு. வீட்டில் டேப் இல்லை, தோள் அகலத்துக்கு ஒரு முடிச்சும் கை நீளத்துக்கு ஒரு முடிச்சுமாக நூலால் அளந்து அந்த நூலையே கவரில் வைத்திருக்கிறேன். பாக்கெட்டை வலது பக்கம் வை.

அக்கா,
அபிதா


திருப்பூர்
20-4-1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவரின் நலத்தையும் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல செய்தி. சுகன்யா உண்டாகியிருக்கிறாள். அவளுக்கு அம்மா இல்லாததால் பிரசவம் இங்கேயேதான். நீ வந்து கூட இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சட்டையைப் பார்சலில் போட்டுவிட்டேன். உன் நூலை அயர்ன் டேபிளுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன், அதன் நிறங்களைப் பார்த்து எல்லாரும் என்ன என்று கேட்கிறார்கள். துரைக்கு அதற்குள் இவ்வளவு கை நீண்டுவிட்டதா?

ஒன்று கேட்டால் கோபிக்கக் கூடாது. சுகன்யாவுக்கு ஒரு சந்தேகம். நீயும் மாமாவும் இத்தனை வருசம் பிள்ளைக்கு ஏங்கிவிட்டு, யாரோ ஒரு பையனைக் கொண்டுவந்து வளர்க்கிறீர்கள், ஊர் பேசும் என்று துரை பேரைச் சொல்கிறாய் என்கிறாள். அப்படியானால் எங்களுக்குச் சந்தோசமே. சொல்லிவிடு அக்கா, வருசத்துக்கு நாலு சட்டை தைத்துத் தருகிறேன்.

தம்பி,
பாலமுருகன்


ஆரணி
15-6-1997

அன்புத் தம்பிக்கு,

அக்கா. சுகன்யா பற்றிப் படித்ததும் அழுதேன். நல்ல அழுகைதான். அவளுக்குப் பிடித்ததைச் செய்துகொடு, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தின்னச் சொல்.

நீங்கள் நினைக்கிறபடி எதுவும் இல்லை. சட்டை நன்றாக இருந்தது. இப்போது இன்னொன்று வேண்டும், இது வேறு ஒரு பையனுக்கு. நூல் வைத்திருக்கிறேன். பாக்கெட் வலது பக்கமே. முடிந்தால் அதைவிடச் சிறியதாகவும் ஒன்று தைத்துவிடு, அதற்கும் ஒரு நூல் இருக்கிறது. அது கொஞ்ச நாள் கழித்து வேண்டியிருக்கும்.

உன் மாமா சுகம். வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். அவரோடு நெசவு பழகிய தணிகாசலம் வந்து கூப்பிட்டபோதும் உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்து அனுப்பிவிட்டார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போன் போடாதே. அவர்களுக்கு என்னைக் கூப்பிட்டு வருவது தொந்தரவு.

அக்கா,
அபிதா


திருப்பூர்
2-7-1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனம் இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன். நீ நலமா? மாமா நலமா?

போன் போட்டேன். துரை பெங்களூரில் வேலைக்குப் போய் ஒரு வருசம் ஆகிறது என்று கிருஷ்ணம்மா சொல்கிறார்.

நீ அனுப்பிய மூன்று நூல்களும் ஆணியில் தொங்குகின்றன. நான் துணி வெட்டிப் பிழைக்கிறவன் அக்கா. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பெரிதாகிக்கொண்டு போகும். இந்தப் பிள்ளைக்குச் சின்னதாகிக்கொண்டு வருகிறது. தோள் அகலத்துக்கும் கை நீளத்துக்கும் உள்ள கணக்கு மூன்றிலும் ஒன்றுதான், அது பையன்களின் கணக்கு இல்லை, வயசான ஆம்பிளையின் கணக்கு. பாக்கெட்டை வலது பக்கம் கேட்கிற இடது கைக்காரர் நம் வீட்டில் ஒருவர்தான்.

மாமாவுக்கு என்ன ஆச்சு?

பாலமுருகன்


ஆரணி
10-8-1997

அன்புத் தம்பிக்கு,

அக்கா. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சுகன்யாவை வெயிலில் அலைய விடாதே.

சொல்லாமல் இருந்தால் நீ புறப்பட்டு வந்துவிடுவாய். அதனால் சொல்கிறேன். அந்தச் சட்டைகள் உன் மாமாவுக்குத்தான்.

கல்லுக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது. மாசியில் ஒரு மத்தியானம் அவர் நெய்துகொண்டிருந்தபோது ஓட்டை வழியாக ஒரு கை வந்து அவர் கால் கட்டைவிரலைத் தட்டியது. குனிந்து பார்த்தால் நரைத்த தலை, என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். "நெசவுக்காரரே, உங்ககிட்ட கொஞ்சம் பேசணுங்க" என்றாராம் அந்தப் பெரியவர். நம் தெருப் பேச்சுதான் பேசுகிறார்கள். தறிக்குழிகளுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. நான் உன் மாமாவைத் திட்டியதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

கீழே தெரு இருக்கிறது, பஞ்சாயத்து இருக்கிறது, கொல்லர் குயவர் எல்லாரும் இருக்கிறார்கள். களம்பூர் ரைஸ் மில்களில் சிந்துகிற நொய் எப்படியோ உள்ளே போய் அவர்களுக்குச் சோறாகிறது. தறி மட்டும் கிடையாது. தறி அடித்தால் அந்த அதிர்வில் அவர்கள் கூரை உதிருமாம். இப்போது ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீருக்குப் போர் போடுகிறார்களே, அந்த இரும்பு அவர்கள் தெருவுக்குள் இறங்குகிறது. ஒரு வீட்டில் படுத்திருந்தவர்கள் மேலேயே இறங்கிவிட்டது. அதனால் ஊரே இன்னும் ஆழத்துக்குக் குடிபோகப் போகிறது. குடிபோகும்போது எல்லாரும் ஒரே பட்டுத் துணியின் கீழ் நடந்து போக வேண்டும், அது அவர்கள் வழக்கம். உன் மாமா நெய்வது அந்தத் துணி. பாவில் உள்ள பட்டெல்லாம், நம் ஊர்த் தறிகளிலிருந்து குழிக்குள் விழுந்து நாம் தேடாமல் விட்ட துண்டு இழைகள். எத்தனை தலைமுறையாகப் பொறுக்கினார்களோ.

நெய்ய நெய்ய அவர் குட்டையாகிறார். ஒரு நாள் வாசற்காலில் இடிக்காமல் உள்ளே வந்தார், எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. இப்போது என் இடுப்புக்கு இருக்கிறார். குழியை அவருக்கு ஏற்றபடி அவர்களே மெழுகிவிடுகிறார்கள். துணி முடியும்போது அவர் அந்த ஓட்டைக்குள் நுழைகிற அளவுக்கு வந்துவிடுவார். நெய்தவரே கீழே இறங்கி அதை விரித்துப் பிடிக்க வேண்டுமாம். திரும்பி வருவாரா என்று நான் குழிக்குள் குனிந்து கேட்டேன். "அங்க அவருக்கு ஒரு குறையும் வராதும்மா" என்றார் பெரியவர். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார், வருவார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவருக்குப் பயமே இல்லை. "மேல என்னப் பார்த்து எவனாச்சும் எழுந்து நின்னுகீறானா? கீழ மொத்த ஊரும் எழுந்து நிக்குது அபிதா" என்கிறார். எனக்கு அவர் வேண்டும் முருகா. இடித்துக்கொண்ட தலையைத் தடவியபடி என்னைத் திட்டுகிற அந்த நெட்டை மனிதர் வேண்டும்.

போன வாரம் குறுக்கே ஓட்டுகிற ஊடை நூல் பிசகிவிட்டது. நாலு விரல்கடை பிரித்து மறுபடி நெய்தார். பிரித்து முடித்தபோது சட்டை அவருக்கு அக்குளில் பிடித்தது, நான் பார்த்தேன். பிரித்தால் அவர் வளர்கிறார். எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். "பிசகில்லாத துணிய எந்த நெசவுக்காரன் பிரிப்பான்? இது நான் நெய்ததுலயே நல்ல துணி" என்றார்.

அக்கா,
அபிதா


திருப்பூர்
25-8-1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. வேறு யார் எழுதியிருந்தாலும் பைத்தியம் என்று சொல்லியிருப்பேன். அந்த நூல்கள் இங்கே தொங்குகின்றன.

உடனே வர முடியாமல் தவிக்கிறேன். சுகன்யாவுக்குக் கால் வீங்கிவிட்டது, டாக்டர் அசையக் கூடாது என்கிறார். பாவை அறுத்துவிட்டு மாமாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறு அக்கா. நெசவுக்காரர் செத்தால்தான் தறியில் உள்ள பாவை அறுப்பார்கள், உயிரோடு இருப்பவர் பாவை அறுத்தால் அவர் கதி என்னவாகுமோ என்றுதான் நீயும் சொல்வாய். எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

மண்டை வேலை செய்யவில்லை. கம்பெனியிலும் பேஜார். பட்டன் தைத்த நூலில் ஒரே ஒரு பாலியஸ்டர் இழை கலந்திருந்தது என்று வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டான். எல்லாவற்றையும் பிரித்துத் தைக்கிறோம். துணி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாங்குகிறவன் வேண்டாம் என்றால் தைத்தவன் என்ன செய்ய முடியும்?

மாமாவை விட்டுக் கொஞ்ச நேரம்கூட நகராதே.

தம்பி,
பாலமுருகன்


ஆரணி
16-11-1997

அன்புத் தம்பிக்கு,

அக்கா. இத்தனை நாள் எழுதவில்லை. சுகன்யா எப்படி இருக்கிறாள்? நாள் நெருங்கியிருக்குமே.

உன் மாமா நேற்று வாசற்காலில் தலையை இடித்துக்கொண்டார்.

உன் கடிதம்தான் வழி காட்டியது. பிசகில்லாத துணியை நெய்தவர் பிரிக்க மாட்டார். வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றால்? பட்டோடு பருத்தி கலந்தால் அது அவர்களுக்குப் பிணத்தின் மேல் போடுகிற துணி என்று பெரியவர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம், உன் மாமா தறியில் இருக்கும்போதே, ஓட்டைக்கு நேராகக் குனிந்து சொன்னேன். "ஐயா, ஊடை நூலத் தார்க்குச்சியில சுத்திக் குடுக்கிறது நானு. முதல் முழத்துல பட்டு பத்தலைன்னு பருத்தி நூல் கலந்து சுத்திட்டேன். அவருக்குத் தெரியும், தெரிஞ்சேதான் நெய்தாரு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அவர்கள் அவரையே நம்பியிருப்பார்கள்.

கீழே விளக்கு வெளிச்சம் நகர்வது தெரிந்தது. பிறகு பெரியவர், "பிரிச்சிடுங்க நெசவுக்காரரே" என்றார். ஒரு கடுஞ்சொல் கிடையாது. இனிமேல் அவர்கள் எழுந்து நிற்கப்போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. உன் மாமாவுக்கும் தெரிந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை. பெண்டாட்டி பொய் சொல்கிறாள் என்று அந்நியர் முன்னால் சொல்ல அவரால் முடியவில்லை.

ஐப்பசி முழுக்கப் பிரித்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக என் தோளுக்கு வந்தார், என்னைத் தாண்டினார். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டால் சாப்பிடுகிறார். முந்தாநாள், கடைசியாக மிஞ்சியிருந்த அந்த முதல் முழத்தையும் பிரித்தார். கடைசி இழை வரைக்கும் பட்டுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஓட்டைக்குள்ளிருந்தும் யாரோ பார்த்தார்கள்.

போகட்டும். எனக்கு மனிதர் கிடைத்தார். சட்டை இனி வேண்டாம்.

அக்கா,
அபிதா


திருப்பூர்
5-12-1997

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தையாகிவிட்டாய். போன வெள்ளிக்கிழமை பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். உன் மூக்கு அப்படியே வந்திருக்கிறது, பாவம்.

மாமா தலையை இடித்துக்கொண்டார் என்ற வரியைப் படித்துவிட்டு கம்பெனி என்றும் பாராமல் உட்கார்ந்து அழுதேன். அவர் கோபம் ஆறும். ஆறாவிட்டால் இங்கே வந்துவிடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பருத்தி இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டதே, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையா? நீ எழுதவில்லை.

தை மாதம் பேர் வைக்கிறோம். இருவரும் வர வேண்டும். அத்தைதான் காதில் பேரைச் சொல்ல வேண்டும்.

தம்பி,
பாலமுருகன்


ஆரணி
18-1-1998

அன்புத் தம்பிக்கு,

அக்கா. குழந்தைக்கு என் ஆயிரம் முத்தம். பேர் வைக்க என்னால் வர முடியவில்லை. சுகன்யாவையே காதில் சொல்லச் சொல். கோபித்துக்கொள்ளாதே.

உன் மாமா சுகம். இப்போதெல்லாம் அவர்தான் சமைக்கிறார், எதிலும் உப்பு இல்லை. பேச ஆரம்பித்திருக்கிறார்.

அன்றைக்கு மலையில் போன பச்சை வளையல் கிடைத்துவிட்டது. பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தேன். கையில் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் ஏறிவிட்டது.

கிருஷ்ணம்மா வீட்டுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பாவாடை, சட்டை தைத்து அனுப்பு. நூல் உள்ளே இருக்கிறது. அவசரம் இல்லை, கொஞ்சம் சின்னதாகவே தைத்தாலும் சரியாகிவிடும்.

அக்கா,
அபிதா


ஆரணி
22-2-1998

மைத்துனர் பாலமுருகனுக்கு,

சம்பந்தம் எழுதியது. நான் யாருக்கும் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. குழந்தையும் தாயும் சுகமாக இருக்க வேண்டும். நீங்கள் தைத்த சட்டைகள் எல்லாம் நன்றாக இருந்தன, அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் அக்கா எழுதாததை நான் எழுதுகிறேன். நல்ல துணியைக் கெட்டது என்று சொல்லிப் பிரிக்க வைத்தவர் அதைத் திரும்ப நெய்து கொடுக்க வேண்டும் என்பது கீழே சட்டம். பிரித்து முடித்த மறுநாள் குழியைப் பார்த்தேன். அவள் கால் அளவுக்கு மெழுகியிருந்தார்கள். முந்தானையைச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான் அப்போது அவளோடு பேசாமல் இருந்தேன்.

முதல் தார் நூலை அவளுக்குச் சுற்றிக் கொடுத்தது நான். விளக்குத் திரியிலிருந்து ஒரு பருத்தி இழையை உருவி அதில் சேர்த்துச் சுற்றினேன். அதைக் கோபத்தில் செய்தேனா அன்பில் செய்தேனா என்று எனக்கே தெரியாது. அவள் கவனிக்காமல் நெய்துவிட்டாள். முதல் முழத்திலேயே அது இருக்கிறது. இதை மார்கழியிலேயே நான் சொல்லியிருக்கலாம். பட்டில் பருத்தி கலந்தவன் என்று என் வாயால் சொல்ல வரவில்லை. இப்போது அவள் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறாள். நேற்று மிதிகட்டைக்குக் கால் எட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

நாளைக்குச் சொல்லப்போகிறேன். பிரித்து முடியப் பங்குனி ஆகிவிடும். அவள் எழுந்து நிற்பாள், பிறகு குழியில் நான் உட்காருவேன். நீங்கள் வந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம். துணி முடிகிறவரை அனுப்பவும் வேண்டாம். அவள் இங்கே இருந்தால் மறுபடியும் ஏதாவது சொல்லிப் பிரிக்க வைப்பாள். கீழே இன்னும் இரண்டு தெருவில் இரும்பு இறங்கிவிட்டது, அவர்களும் பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர்கள். இந்தத் தடவை துணியை முடித்துத்தான் ஆக வேண்டும்.

என் அளவு நூல்கள் உங்களிடம் ஆணியில் தொங்குவதாக அவள் சொன்னாள். எறிந்துவிட வேண்டாம். பெரியதிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாகத் தைத்துக் கிருஷ்ணம்மா பேருக்கு அனுப்புங்கள். வாங்கிக் குழி ஓரத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். கடைசி நூலைவிடச் சின்னதாகவும் ஒன்று வேண்டியிருக்கும், அதை அளந்து அனுப்ப அவள் பக்கத்தில் இருக்க மாட்டாள். நீங்கள் கட்டிங் மாஸ்டர், குத்துமதிப்பாக வெட்டிவிடுங்கள்.

பாக்கெட் வலது பக்கம்.

இப்படிக்கு,
சம்பந்தம்